ஸ்கீலாகருக்குப் போகும் பிள்ளைக்கு இரவல் தலைக்கவசம் போதுமா?

ஆரேக்கரை

வணக்கம். நாங்கள் பேர்ண் நகருக்கு அருகே வசிக்கிறோம். ஆறாம் வகுப்பில் படிக்கும் மகளை வருகிற பெப்ரவரியில் பாடசாலையிலிருந்து ஐந்து நாள் ஸ்கீலாகருக்கு, அதாவது பனிச்சறுக்கு முகாமுக்கு, அழைத்துப் போகிறார்கள். ஆசிரியை அனுப்பிய பட்டியலில் தலைக்கவசம் என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடுகள் போட்டிருக்கிறார். சறுக்குப் பலகைகளையும் சப்பாத்தையும் வாடகைக்கு எடுத்துவிட்டோம். கவசத்தை மட்டும் மகளின் சித்தப்பா வீட்டிலிருந்து வாங்கி வைத்திருக்கிறேன். அவருடைய மகன் மூன்று பருவங்கள் அணிந்தது. பக்கவாட்டில் ஒரு கீறலைத் தவிர வெளியே எந்தக் குறையும் தெரியவில்லை. "இவன் லிஃப்ட் கம்பத்தில் போய் மோதியபோது இதுதான் தலையைக் காத்தது, ராசியான கவசம்" என்று சித்தப்பா பெருமையோடு கொடுத்தனுப்பினார்.

என் கணவரோ, கார்ப் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் சறுக்கும்போது கவசம் அணிந்துகொண்டுதானே விழுந்தார், பிறகு என்ன பயன் என்று கேட்கிறார். எங்கள் இருவருக்கும் பனி என்பது வளர்ந்த பிறகு கண்ட பொருள். ஒரு நாளும் சறுக்கியதில்லை. ஆகவே கேட்கிறேன்: இந்தக் கவசம் போதுமா? பொதுவாகவே கவசத்தால் பயன் உண்டா, அல்லது ஊரோடு ஒத்துப்போகத்தான் அணிகிறார்களா?

பொறிமனம்

அக்கா, இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால் முதலாவதற்கு விடை தானாகவே வந்துவிடும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

கவசத்தின் வேலையைச் செய்வது வெளியே பளபளக்கும் ஓடு அன்று. இந்தியாவில் தெர்மாக்கோல் என்றும் இலங்கையில் ரெஜிபோம் என்றும் நாம் சொல்லும் அந்த வெள்ளைப் பொருளின் உறவினர்தான் உள்ளே இருக்கிறது. தலை மோதும்போது அது நசுங்குகிறது. நசுங்கும் அந்த இரண்டு சென்டிமீட்டர் தூரத்துக்குள் தலை சற்று மெதுவாக நிற்க முடிகிறது. அவ்வளவுதான் அதன் வித்தை.

ஐரோப்பாவில் விற்கும் சறுக்குக் கவசங்களுக்கு ஈ.என். 1077 என்ற தரம் உண்டு. அதன் சோதனையில் போலித் தலை ஒன்றைக் கவசத்தோடு ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து இரும்புப் பீடத்தின் மேல் விடுவார்கள். தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 19 முதல் 20 கிலோமீட்டர். அப்போது தலை உணரும் அதிர்வு புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 250 மடங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி. காகிதத்தில் கணக்குப் போட்டால், இரண்டு சென்டிமீட்டர் நசுங்கி ஒரே சீராக நின்றால் சுமார் 75 மடங்கு வரும். கவசம் இல்லாமல் தோலும் சதையும் நான்கு மில்லிமீட்டர் விட்டுக்கொடுப்பதாக வைத்துக்கொண்டால் 375 மடங்கு வரும். நடைமுறையில் எதுவும் இவ்வளவு சீராக நிற்பதில்லை என்றாலும், ஐந்து மடங்கு வேறுபாடு எங்கிருந்து பிறக்கிறது என்பதை இந்தக் கணக்குக் காட்டும்.

இப்போது வேகத்தை இரட்டிப்பாக்குங்கள். மணிக்கு 39 கிலோமீட்டரில் மரத்தில் நேராக மோதினால் அதே கவசம் நான்கு மடங்கு ஆற்றலை வாங்க வேண்டும். அதற்கு முன்பே நுரை முழுவதும் நசுங்கிக் கல்லைப்போல் ஆகிவிடும். நல்ல சரிவில் ஓரளவு பழகியவர்கள் சாதாரணமாகவே 40 கிலோமீட்டரைத் தொடுகிறார்கள் என்பதை நினைத்தால் உங்கள் கணவரின் ஐயம் வெறும் விதண்டாவாதம் அன்று. ஆனால் சறுக்கி விழுகிறவர்களில் பெரும்பாலோர் மரத்தில் மோதுவதில்லை. கால் இடறிப் பனியில் சாய்கிறார்கள். அப்படிச் சாயும்போது பக்கவாட்டில் எவ்வளவு வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதைவிட, தலை எவ்வளவு உயரத்திலிருந்து தரைக்கு வந்தது என்பதே பெரிது. அது ஏறத்தாழ ஓர் ஆள் உயரம். பதினொரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்றரை மீட்டர். ஒன்றரை மீட்டர் என்ற எண்ணை மேலே எங்கே பார்த்தீர்கள் என்று திரும்பிப் பாருங்கள்.

முதல் கேள்விக்கு வருகிறேன். ஒரு முறை நசுங்கிய நுரை பழைய தடிப்புக்கு முழுமையாக மீள்வதில்லை. கம்பத்தில் மோதித் தலையைக் காத்த கவசம் தன் வேலையை முடித்துவிட்ட கவசம். அதில் ராசி மிச்சமில்லை. உள்ளே இருக்கும் துணிப்பட்டையைக் கழற்றிவிட்டு, கீறல் இருக்கும் பக்கத்து நுரையைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துச் சொல்லுங்கள்.

எதிர்க்கேள்வி

பொறிமனம் அவர்களின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் கணக்கு ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் சறுக்கு மைதானங்களின் தேசியச் சங்கம் ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. 2002-03 பருவத்தில் நூற்றுக்கு 25 பேர் கவசம் அணிந்தார்கள். பத்தே ஆண்டுகளில் அது 70 ஆயிற்று. அதே காலத்தில் சறுக்குச் சரிவுகளில் உயிரிழந்தோர் எண்ணிக்கை ஆண்டுக்குச் சுமார் 40 என்ற அளவிலேயே நின்றது. கவசம் உயிர்காக்கும் பொருள் என்றால் அந்தக் கோடு கீழே இறங்கியிருக்க வேண்டாமா?

மற்ற விளையாட்டுகளையும் பாருங்கள். அமெரிக்கக் கால்பந்தில் கவசம் வலுப்பட வலுப்பட, ஆட்டக்காரர்கள் தலையையே ஆயுதமாக்கி எதிரியை முட்டினார்கள். 1968-இல் மட்டும் 36 பேர் ஆட்டத்தில் நேரடியாக அடிபட்டு இறந்தனர். 1976-இல் தலையால் முட்டுவதைத் தடைசெய்த பிறகே, கவசத் தரங்களும் சேர்ந்துகொள்ள, நிலைமை மாறியது. 1990-இல் அப்படி ஒரு மரணமும் நிகழவில்லை. குத்துச்சண்டையில் 1984 முதல் ஒலிம்பிக்கில் தலைக்காப்பு அணிந்தார்கள். 2013-இல் சர்வதேசச் சங்கம் ஆண்களின் மேல்நிலைப் போட்டிகளில் அதை நீக்கியது. 2016-இல் ரியோவில் ஆண்கள் வெறுந்தலையோடு மோதினார்கள். பாதுகாப்பு உணர்வு மனிதனைத் துணிய வைக்கிறது என்பதை இவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

நான் கவசத்துக்கு எதிரி அல்லன். கவசம் வாங்கியதோடு கடமை முடிந்தது என்று நினைப்பதற்கு எதிரி.

இரவுப்பணி

எதிர்க்கேள்வி ஐயா, அந்த நாற்பது மரணங்களில் பெரும்பகுதி பழகிய ஆண்கள் நடுத்தரச் சரிவின் ஓரத்தில் வேகமாகப் போய் மரத்தில் மோதியவை. கென்னடி குடும்பத்தைச் சேர்ந்த மைக்கேல் கென்னடி 1997 டிசம்பர் 31-ஆம் நாள் ஆஸ்பனிலும், பாடகரும் அரசியல்வாதியுமான சன்னி போனோ அடுத்த வாரமே டாஹோ ஏரிப் பக்கத்திலும் இறந்தது அப்படித்தான். அந்த வேகத்தில் கவசம் தோற்கும் என்பதைப் பொறிமனமே சொல்லிவிட்டார். ஆகவே மரணக் கோடு அசையாததைக் கொண்டு கவசத்தை அளப்பது, கொசுவலை போட்டும் பாம்புக்கடி குறையவில்லை என்று சொல்வதைப் போன்றது.

அளக்க வேண்டியது தலைக்காயங்களை. நோர்வேயில் 2002-ஆம் ஆண்டுப் பருவத்தில் எட்டுச் சறுக்கு மையங்களில் நடத்தி 2006-இல் வெளியான ஆய்வு, கவசம் அணிந்தோருக்குத் தலைக்காய ஆபத்து 60 விழுக்காடு குறைவு என்று கண்டது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010-இல் கனடிய மருத்துவ இதழில் வெளியான கட்டுரை 35 விழுக்காடு என்றது. கவசத்தின் எடையால் பிள்ளைகளின் கழுத்துக்குக் கேடு வரும் என்று முன்பு அஞ்சினார்களே, அதற்கும் அந்தக் கட்டுரையில் சான்று கிடைக்கவில்லை.

நான் அவசரப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். என் மனத்தில் நிற்கும் பெயர் ஷூமாக்கர் அன்று. நடிகை நட்டாஷா ரிச்சர்ட்சன். 2009 மார்ச் 16-ஆம் நாள், கியூபெக்கின் மோன் திரம்ப்ளான் மலையில், தொடக்கநிலையாளருக்கான சரிவில், கவசம் இல்லாமல் விழுந்தார். எழுந்து நின்று பேசினார், சிரித்தார், வந்த ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பினார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தலைவலி தொடங்கியது. இரண்டு நாளில் நியூயோர்க்கில் உயிர் பிரிந்தது.

நெற்றிப்பொட்டுப் பக்கத்தில் மண்டையோடு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிசல் கண்டால் அந்தத் தமனி கிழிந்து, எலும்புக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே இரத்தம் தேங்கத் தொடங்கும். தேங்கி மூளையை அழுத்தும் வரை ஆள் தெளிவாகவே இருப்பார். அந்தத் தெளிவுதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. எலும்பு உடையாமல் தடுப்பதே கவசம் மிக நன்றாகச் செய்யும் வேலை என்பதால், இந்த வகைக் காயத்தில் அதன் பயன் கண்கூடு.

கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சி வேறு கதை. மண்டையோடு உடையாவிட்டாலும் தலை சட்டென்று திரும்பும்போது உள்ளே மூளை முறுகுகிறது. அதைக் கவசம் அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. ஸ்வீடனில் உருவான மிப்ஸ் என்ற அமைப்பு, கவசத்தின் உள்ளே ஒரு மெல்லிய தகட்டைச் சில மில்லிமீட்டர் வழுக்கவிட்டு இந்த முறுக்கைக் குறைக்கப் பார்க்கிறது. நல்ல முயற்சிதான். இருந்தாலும் அடிபட்ட பிள்ளை குழப்பமாகப் பேசினாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, கவசம் அணிந்திருந்தாளே என்று ஆறுதல் கொள்ளாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். இலேசான அதிர்ச்சி என்று தோன்றினாலும் அன்றைக்கு மறுபடி சறுக்கவே கூடாது.

ஷூமாக்கர் விழுந்தது 2013 டிசம்பர் 29-இல், மெரிபெலில், குறியிட்ட இரண்டு தடங்களுக்கு நடுவே பாறைகள் மறைந்திருந்த இடத்தில். அவருடைய கவசம் உடைந்துபோனது. கவசம் இல்லாவிட்டால் அவர் மருத்துவமனை வரை வந்தே இருக்க மாட்டார் என்று கிரெனோபிளில் சிகிச்சை அளித்த மருத்துவர்கள் மறுநாளே கூறினார்கள். உங்கள் கணவரிடம் இதையும் சொல்லுங்கள், அக்கா.

மட்டைக்காரன்

சறுக்கு எனக்குத் தெரியாது. சென்னையில் கழக அளவில் கிரிக்கெட் ஆடியவன். எண்பதுகளில் எங்கள் கல்லூரி அணிக்கு இருந்தது ஒரே தலைக்கவசம். அதுவும் பெரியது. தொடக்க ஆட்டக்காரர் அவுட்டாகி வரும்போதே அதைக் கழற்றிக் கையில் கொடுப்பார். உள்ளே வியர்வை சொட்டும். வார் மோவாயில் நிற்காது என்பதால் கைக்குட்டையை மடித்து உச்சியில் வைத்துக்கொள்வோம். அந்தக் கவசம் எனக்குத் தைரியம் கொடுத்தது உண்மை. பாதுகாப்புக் கொடுத்ததா என்று இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஆகவே எதிர்க்கேள்வி சொல்வதில் பாதி எனக்குப் புரிகிறது.

ஆனால் கவசம் வருவதற்கு முந்தைய கதையும் மறக்கக் கூடாது. 1962-இல் பார்படோஸில் சார்லி கிரிஃபித்தின் பந்து இந்திய அணித் தலைவர் நாரி கான்ட்ராக்டரின் மண்டையை உடைத்தது. மேற்கிந்தியத் தீவுகள் அணித் தலைவர் ஃபிராங்க் வோரல் இரத்தம் கொடுத்தார். கான்ட்ராக்டர் பிழைத்தாலும் அதன்பின் டெஸ்ட் ஆடவில்லை. 1998-இல் டாக்காவில் இந்திய ஆட்டக்காரர் ராமன் லம்பா மட்டையாளருக்கு மிக அருகே, ஷார்ட் லெக்கில், கவசம் இல்லாமல் நின்றார். அடிபட்ட பிறகு தாமாக எழுந்து நடந்துதான் போனார். மூன்றாம் நாள் இறந்தார். இரவுப்பணி எழுதியதைப் படித்ததும் எனக்கு லம்பா நினைவுதான் வந்தது.

2014-இல் சிட்னியில் ஆஸ்திரேலிய மட்டையாளர் ஃபிலிப் ஹியூஸ் கவசம் அணிந்திருந்தார். பந்து பட்டது கவசம் முடியும் இடத்துக்குக் கீழே, கழுத்தில். எது மூடப்படவில்லையோ அங்கே அடி விழுந்தது. அதன் பிறகுதான் கழுத்துக் காப்பு வந்தது. ஆஸ்திரேலியாவில் வேகப்பந்தைச் சந்திப்பவர்களுக்கு 2023 அக்டோபர் முதல் அது கட்டாயம். அடிபட்டவருக்குப் பதிலாக வேறொருவர் ஆடலாம் என்ற ஐ.சி.சி. விதி 2019-இல் வந்தது. என் பார்வையில் இந்த விதி கவசத்துக்கு நிகரான பாதுகாப்பு. அணிக்கு ஆள் குறையுமே என்று தலைசுற்றலை மறைத்துக்கொண்டு ஆடியவர்களில் நானும் ஒருவன்.

யாராநதி

மெல்பேர்ணிலிருந்து எழுதுகிறேன். மிதிவண்டிக்குக் கவசத்தை உலகிலேயே முதலில் கட்டாயமாக்கியது எங்கள் விக்டோரியா மாநிலந்தான். 1990 ஜூலை 1. சட்டம் வந்ததும் தலைக்காயமும் குறைந்தது. மிதிவண்டி ஓட்டுவோரும், குறிப்பாகப் பதின்வயதினர், குறைந்தார்கள். எது எதனால் என்று இன்றும் சண்டை ஓயவில்லை. ஆனால் அந்தச் சண்டையைப் பனிமலைக்குக் கொண்டுபோவது பொருந்தாது. மிதிவண்டி அன்றாடப் போக்குவரத்து. கவசம் தொல்லை என்று ஒருவர் அதை விட்டுவிட்டு மகிழுந்தில் ஏறினால் ஊருக்கே இழப்பு. லிஃப்ட் சீட்டுக்கும் பலகைக்கும் சப்பாத்துக்கும் இவ்வளவு செலவழித்து மலையேறுகிறவர் கவசத்துக்காகத் திரும்பிப் போகமாட்டார்.

கட்டாயப்படுத்தினால் கலகம் வரும் என்பதற்கும் மிதிவண்டியில் கதை உண்டு. 1991-இல் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்து கவச விதியைத் தோற்கடித்தார்கள். 1995-இல் தூர் த பிரான்ஸ் பந்தயத்தில் ஃபாபியோ காசர்தெல்லி இறந்தபோதும் விதி மாறவில்லை. அதே பாரிஸ்-நீஸில் 2003-இல் ஆந்திரேய் கிவிலேவ் இறந்த பிறகே மாறியது.

ஸ்காபரோவான்

கனடாவில் ஐஸ் ஹொக்கியிலும் இதே கதைதான். 1968-இல் ஆட்டக்காரர் பில் மாஸ்டர்டன் தலையில் அடிபட்டு இறந்தார்; வட அமெரிக்காவின் தொழில்முறை ஹொக்கி லீக்கான என்.எச்.எல். புதியவர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது 1979-இல். பழையவர்களுக்கு விலக்கு அளித்ததால் கடைசி வெறுந்தலையர் கிரெய்க் மக்டாவிஷ் 1997 வரை ஆடினார். சறுக்கைப் பொறுத்தவரை நோவா ஸ்கோஷியா மாகாணம் 2012 நவம்பரிலேயே எல்லா வயதினருக்கும் கட்டாயமாக்கிவிட்டது.

பனித்தடம்

அன்ரி, நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். குளிர்காலத்தில் பாடசாலை முகாம்களில் உதவித் தலைவனாகப் போகிறேன். சுவிஸில் கவசம் சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனாலும் விபத்துத் தடுப்பு அமைப்பான பி.எஃப்.யு. எண்ணிப் பார்த்ததில் இப்போது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அணிகிறார்கள். 2009 புத்தாண்டு நாளில் ஆஸ்திரியாவில் ஜெர்மனியின் தூரிங்கன் மாநில முதல்வர் ஆல்ட்ஹவுஸ் ஒரு பெண்ணோடு மோதினார். கவசம் அணிந்திருந்த அவர் பிழைத்தார். அணியாத அந்தப் பெண் இறந்தார். ஜெர்மன் பேசும் நாடுகளில் கவச விற்பனை அந்தக் குளிர்காலத்தில்தான் பாய்ந்தது என்று மூத்த பயிற்சியாளர்கள் சொல்வார்கள். இத்தாலியில் 2025 நவம்பரிலிருந்து எல்லா வயதினருக்கும் கட்டாயம். சுவிஸின் செர்மாட்டில் காலையில் ஏறி மதியம் இத்தாலியின் செர்வீனியா பக்கம் இறங்கினால் பாதி நாள் சட்டத்துக்கு உட்பட்டவராகவும் பாதி நாள் உட்படாதவராகவும் இருக்கலாம்.

அளவு பார்க்கும் முறையைச் சொல்கிறேன். புருவத்துக்குச் சற்று மேலே தையல் நாடாவால் தலையைச் சுற்றி அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். கவசத்தை வைத்து, வாரைப் பூட்டாமல், தலையை இரண்டு பக்கமும் ஆட்டச் சொல்லுங்கள். கவசம் தனியாகவும் தலை தனியாகவும் ஆடினால் அது பெரியது. அடுத்த வருடமும் ஆகட்டும் என்று நம் வீட்டில் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பெரிதாக வாங்குவார்களே, அந்த வழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். சறுக்கும்போது அணியும் பனிக்கண்ணாடியை மாட்டினால் அதன் மேல்விளிம்பும் கவசமும் ஒட்டி நிற்க வேண்டும். நடுவில் நெற்றி தெரியக் கூடாது. குளிருமே என்று உள்ளே தடித்த கம்பளித் தொப்பி போட்டு அனுப்பாதீர்கள். போன வருடம் ஒரு பையனின் கவசம் உச்சியில் கிரீடத்தைப்போல உட்கார்ந்திருந்தது. கழற்றினால் உள்ளே அம்மம்மா பின்னிய தொப்பி.

எதிர்க்கேள்வி அவர்கள் வேகத்தைப் பற்றிச் சொன்னதை நான் முழுக்க ஏற்கிறேன். முகாமின் முதல் நாள் காலையில் நாங்கள் சொல்லித்தருவது திருப்பமன்று, நிற்பது. அதோடு சர்வதேசச் சறுக்குச் சம்மேளனத்தின் பத்து விதிகளில் ஒன்றை மனப்பாடம் செய்ய வைப்போம்: முன்னே போகிறவருக்கே உரிமை; பின்னால் வருகிறவர்தான் தன் தடத்தைப் பார்த்து ஓட்ட வேண்டும்.

எதிர்க்கேள்வி

இரவுப்பணி அவர்களின் பாம்புக்கடி உவமை சரியான இடத்தில் குத்தியது. மரணத்தையும் காயத்தையும் நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பியது பிழை. நிற்பதை முதலில் கற்றுக்கொடுக்கும் முகாம் என்றால் எனக்கு வேறு கேள்வி இல்லை.

ஆரேக்கரை

எல்லோருக்கும் நன்றி. பொறிமனம் தம்பி சொன்னபடி நேற்று மதியம் சன்னலருகே வைத்து உள்துணியைக் கழற்றினேன். கீறலுக்கு நேர் உள்ளே, காதுக்கு மேலே, வெள்ளை நுரையில் தலைமுடி அளவில் ஒரு விரிசல் ஓடுகிறது. கட்டைவிரலால் அழுத்தினால் அந்த இடம் மட்டும் சற்றுப் பள்ளமாக இருப்பது தெரிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு நாளும் கண்டுபிடித்திருக்க முடியாது. கணவரைக் கூப்பிட்டு விரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் ஷூமாக்கரைப் பற்றிப் பேசவில்லை.

மாலையில் பலகை எடுத்த கடைக்கே போனோம். கவசத்தையும் வாடகைக்குத் தருவார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் விற்பனைக்கு இருந்தவற்றில் ஒன்று மகளுக்கு மிகச் சரியாக நின்றதால் அதையே வாங்கிவிட்டோம். ஈ.என். 1077 என்ற ஒட்டுத்தாள் உள்ளே இருக்கிறது. வாரைப் பூட்டாமலே தலையைக் குலுக்கிக் குலுக்கிக் கடை முழுவதும் நடந்து காட்டினாள்.

பழைய கவசத்தை, எல்லோரும் செய்வதுபோல, இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்ற சீட்டோடு வீட்டு வாசலில் வைக்கத்தான் முதலில் எடுத்துப் போனேன். படியிறங்கும்போதே அது எந்தப் பிள்ளையின் தலைக்குப் போகுமோ என்று தோன்றியது. திரும்பி வந்து கத்தரிக்கோலால் இரண்டு வார்களையும் வெட்டிக் குப்பைப் பையில் போட்டேன். சித்தப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறார், விரிசலைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.